ஆறு வருடமாக ரீஃபர் கன்டெய்னரில் பரோட்டா அனுப்புகிறேன்: என் அனுபவம்

கம்பத்திலிருந்து அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, ஜி-9 வாழைத்தார் இந்தத் தடவை நல்லா வந்திருக்கு. துபாய்ல ஒரு பார்ட்டி கேக்குறாங்க. நீங்க அனுப்புறீங்கள்ல, அந்த ரீஃபர் கன்டெய்னர், அதுலயே ஏத்திறலாமா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. சொல்ல நிறைய இருந்தது, அதில் பாதி கோபம். அவனுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். புதிதாக இறங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

மதுரை மாவட்டம் வலையன்குளம் பக்கம் எங்கள் யூனிட். உறைய வைத்த பரோட்டா, இடியாப்பம், தேங்காய்த் துருவல், நறுக்கிய முருங்கைக்காய். நாற்பது அடி ரீஃபரில், அதாவது குளிரூட்டும் மெஷின் பொருத்திய கன்டெய்னரில், மைனஸ் 18 டிகிரி வைத்து, தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி, துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போகும். முதல் வருடம் மட்டும் ஒரே கன்டெய்னரை இன்னும் இரண்டு பேரோடு பங்கு போட்டேன். மூன்று ஊரில் கதவைத் திறந்து மூன்று ஊரில் மூடினோம். அதை யாரும் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

மெஷினை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் நடந்த தவறெல்லாம் என்னுடையது. முதல் லோடு ஏற்றும்போது, காலிக் கன்டெய்னரை முந்தின இரவே மைனஸ் 18-க்குக் குளிர வைத்தால் நல்லது என்று நினைத்தேன். காலையில் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து புகைபோலப் பனி கிளம்பியது. கால் மணி நேரத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட, அடியில் அடுக்கிய கார்ட்டன்கள் ஊறிப் போயின. மெஷினை நிறுத்திவிட்டு, சரக்கைக் குளிர் அறையிலிருந்து மளமளவென்று ஏற்றி, கதவைச் சாத்திய பிறகுதான் ஓட விட வேண்டும். இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறோம்.

இன்னொன்று, ரீஃபரை ஃப்ரீசர் என்று நினைக்கக் கூடாது. உறைந்ததை உறைந்தபடி காப்பதுதான் அதன் வேலை. சரக்கு நம் குளிர் அறையிலேயே மைனஸ் 18-க்கு இறங்கியிருக்க வேண்டும். குளிர்காற்று மெஷின் பக்கத்திலிருந்து தரையின் அலுமினியப் பட்டைகளுக்கு இடையே ஓடி, சரக்கைச் சுற்றி ஏறி, கூரையை ஒட்டித் திரும்புகிறது. சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு பெட்டி கூடுதலாக வைத்தாலும் அது திரும்பும் வழி அடைபடும். ஏற்றுகிற பையன்கள் இடம் வீணாகிறதே என்று அங்கேயும் செருகப் பார்ப்பார்கள். அவர்களிடம் நான் ஒரு கதை சொல்வேன். 1882-ல் டனீடின் என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டிறைச்சி ஏற்றிப் போனது. 98 நாள் பயணம். நடுவழியில் குளிர்காற்று சரியாகப் பரவவில்லை என்று கேப்டன் விட்சன் காற்றுக் குழாய்க்குள் தானே ஊர்ந்து போய்க் கூடுதலாகத் துளை அறுத்தார். உள்ளேயே விறைத்துப் போனவரைக் கயிறு கட்டி இழுத்துப் பிழைக்க வைத்தார்கள். காற்றுக்கு வழி விடுவது அவ்வளவு பெரிய விஷயம்.

சரி, இந்த ஆறு வருடத்தில் எனக்குப் பிடித்துப்போன பொருளைச் சொல்கிறேன். கன்டெய்னரைவிட அதற்குள் நான் வைத்து அனுப்பும் லாகர்தான், வழி நெடுக வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கதவுப் பக்கம் கடைசி வரிசையில், மேல் கார்ட்டனில் வைப்பேன். குளிர்காற்று கடைசியாக வந்து சேரும் இடம் அதுதான், கெட்டால் முதலில் கெடுவதும் அங்கேதான். சரக்கு இறங்கியதும் வாங்குபவர் அதைக் கம்ப்யூட்டரில் செருகி, வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கடலில் இருந்த நாளெல்லாம் கோடு கிடத்திய நூல்போல இருக்கும். மெஷின் தன்மேல் படிந்த பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஓடும்போது மட்டும் சின்னதாக ஒரு மேடு. அரபிக்கடலின் நடுவில் வெயிலும் உப்புக் காற்றும் அடிக்க, என் பரோட்டா மைனஸ் 18-ல் போயிருக்கிறது என்று அந்தக் கோட்டைப் பார்க்கும்போது இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும். மாவு பிசைகிற அக்காக்களிடமும் காட்டுவேன்.

ஆனால் கோட்டின் ஆரம்பத்தைப் பாருங்கள். கப்பல் ஏறுவதற்கு முந்தின ஒரு நாள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

வலையன்குளத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 130 கிலோமீட்டர். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நல்ல நாலு வழிச் சாலை. யூனிட்டில் ப்ளக் இருக்கிறது, துறைமுக யார்டில் இருக்கிறது, கப்பலில் இருக்கிறது. சாலையில் மட்டும் கன்டெய்னருக்கு மின்சாரம் வேண்டுமென்றால் ஜென்செட் என்கிற ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். போன வருடம் மே மாதம் காகிதத்தில் ஏதோ சிக்கல் என்று டிரெய்லரைத் தூத்துக்குடிக்கு வெளியே ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை. ஜென்செட்டை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. லாகர்தான் சொன்னது, அதுவும் மூன்று வாரம் கழித்து. மைனஸ் 19-ல் இருந்த கோடு மலைபோல ஏறி மைனஸ் 5-ஐத் தொட்டு, அப்புறம் மெதுவாக இறங்கியிருந்தது.

கடைசி வரிசையில் 42 கார்ட்டன் போயிற்று. வாங்குபவர் வீடியோ அனுப்பினார். கவருக்குள் பொடி உப்பு தூவியதுபோல ஐஸ். பரோட்டாவுக்கும் பரோட்டாவுக்கும் இடையில் வைக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தால் மேல் ஏடு தாளோடு பிய்ந்து வருகிறது. இளகி மறுபடி உறைந்த சரக்கு அப்படித்தான் இருக்கும். எத்தனை கை வீசி வீசி அடித்த பரோட்டா அது.

டிரெய்லர் ஆபீசில் கேட்டால் ஜென்செட் ஓடியது என்று சாதித்தார்கள். கப்பல் கம்பெனியோ தங்கள் கைக்கு வந்த பிறகு ஒரு நிமிடமும் மின்சாரம் நிற்கவில்லை என்று மெஷினின் பதிவை அனுப்பியது. அது உண்மைதான், என் லாகரும் அதையேதான் சொன்னது. டிரைவரை நான் போனில் ரொம்பவும் திட்டிவிட்டேன். பிறகு அவர் நேரில் வந்து சொன்னார்: "ஓட்டத்துக்கு மட்டும்தாண்ணே டீசல் குடுத்தாங்க. நிக்கிற நேரத்துக்கு யாரு குடுப்பா? என் கைக்காசு போட்டா ஊத்த முடியும்?" அதில் நியாயம் இருந்தது. திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு எல்லா லோடுக்கும் நிற்கும் நேரத்து டீசலுக்குத் தனியாகப் பணம் கொடுத்து, டிரைவரிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினின் வெப்பநிலை டிஸ்ப்ளேயை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவர்களும் அனுப்புகிறார்கள். இருந்தாலும் வண்டி யார்டுக்குள் போய் ப்ளக் மாட்டினார்கள் என்று தெரியும் வரை எனக்குத் தூக்கம் கிடையாது. ஆறு வருடத்தில் இந்த ஒன்று மட்டும் மாறவே இல்லை.

இப்போது மாப்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். என் பரோட்டா செத்த சரக்கு. வாழைக்காய் உயிரோடு இருப்பது. அது மூச்சு விடும், சூடு கிளப்பும், ஒரு சீப்பு பழுத்தால் எத்திலீன் என்ற வாயுவை விட்டுப் பக்கத்துச் சீப்பையும் பழுக்க வைக்கும். பரோட்டாவுக்குக் கன்டெய்னரின் வென்ட்டை, அதாவது வெளிக்காற்று வரும் துவாரத்தை, இறுக மூடுகிறேன், வாழைக்கு அதையே அளவாகத் திறந்து வைக்க வேண்டும். 13, 14 டிகிரிதான் அதற்குச் சரி. அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து, அப்புறம் சரியாகப் பழுக்காது. மேலே போனால் கப்பலிலேயே பழுத்துவிடும். மைனஸ் 18-ல் எனக்கு ஐந்தாறு டிகிரி தப்பினால் அநேகமாகத் தப்பித்துக்கொள்வேன். உனக்கு இரண்டு டிகிரிக்குக்கூட மன்னிப்புக் கிடையாது. அதோடு கம்பத்திலிருந்து தூத்துக்குடி என் ஊரைவிடத் தூரம்.

ரீஃபர் அருமையான பொருள், இன்னும் ஆறு வருடம் ஆனாலும் என் சரக்கை அதில்தான் அனுப்புவேன். ஆனால் உனக்கு இந்த வருடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவன் வருத்தப்பட்டான். "மாமா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றான்.

நேற்று கம்பம் போகும் பஸ்ஸில் ஒரு புது லாகரைக் கொடுத்துவிட்டேன். அடுத்த தடவை கோயம்பேட்டுக்குப் போகும் லாரியில் தார்களுக்கு நடுவில் அதை வைக்கச் சொல்லியிருக்கிறேன். சென்னையில் இறக்கியதும் வரைபடத்தை எனக்கு அனுப்புவான்.