அம்மாவின் உயிலும் வழக்கறிஞரின் மூடிய கதவும்: டர்பன் பயண அனுபவம்

அப்பா காலமான பின் அவருடைய எஸ்டேட் கணக்கை (அவர் விட்டுச்சென்ற சொத்து, கடன் ஆகியவற்றின் கணக்கை) முடிக்கவும், அம்மா தமக்கென ஓர் உயில் எழுதிக்கொள்ள உதவவும் இவ்வாண்டு லண்டனிலிருந்து டர்பனுக்குச் சென்றிருந்தேன். வெளிநாட்டில் குடியேறிவிட்ட தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர் இப்போது ஊர் திரும்புவதே இத்தகைய வேலைகளுக்காகத்தான். எந்த அலுவலகத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், யார் எவ்வளவு கட்டணம் கேட்பார்கள் என்பதெல்லாம் உறவினர்களிடம் விசாரித்தாலே தெரிந்துவிடும். நம் வீட்டு விஷயத்தை வழக்கறிஞர், மருத்துவர், வரி ஆலோசகர் ஆகிய மூவரிடமும் திறந்து சொல்கிறோமே, அது அவர்களிடம் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வாழும் எங்கள் குடும்பத்தில் எந்த முக்கியமான காரியத்திற்கும் கூட்டமாகப் போவதே வழக்கம். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அக்கா, நான் என நால்வரும் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனோம். வழக்கறிஞர் இளம்பெண், எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பாவின் எஸ்டேட் பற்றிய பேச்சு முடியும்வரை எங்கள் அனைவரையும் உட்காரவைத்துப் பேசினார். அம்மாவின் உயில் என்று பேச்சு வந்ததும் எழுந்து நின்று, "இனி ஆன்ட்டி மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் தயவுசெய்து வெளியே காத்திருங்கள்" என்றார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்கள் என்ன அந்நியரா?" என்று கேட்டார். வழக்கறிஞர் சிறிதும் கோபப்படாமல், "அங்கிள், நீங்கள் அந்நியர் இல்லை, ஆனால் என் கட்சிக்காரரும் நீங்கள் இல்லை" என்று பதில் சொன்னார். எனக்கு அவர்மேல் பெருமதிப்பு ஏற்பட்டது அந்தக் கணத்தில்தான்.

அவர் செய்தது வெறும் அலுவலக மரியாதை அன்று. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலுக்குத் தனிச் சிறப்புரிமை உண்டு. வழக்கறிஞர் தம் தொழில் நிலையில் இருந்து கேட்டிருக்க வேண்டும். பேச்சு இரகசியமாக நடந்திருக்க வேண்டும். சட்ட ஆலோசனை பெறுவதே அதன் நோக்கமாக இருக்க வேண்டும். குற்றமோ மோசடியோ செய்வதற்கு வழி கேட்பதாக இருக்கக் கூடாது. இவை நிறைவேறினால், கட்சிக்காரர் அவ்வுரிமையைக் கோரினால், அங்கே பேசியதை வெளியிடும்படி நீதிமன்றம்கூட வற்புறுத்த முடியாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ‘ஷார்ப்வில் அறுவர்’ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கி, 1988ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான முடிவு, இதைச் சாட்சிய விதி என்ற அளவில் நிறுத்தாமல் அடிப்படை உரிமையாகவே ஏற்றுக்கொண்டது. இந்த உரிமை வழக்கறிஞருடையது அன்று, கட்சிக்காரருடையது. விட்டுக்கொடுப்பதானாலும் அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். பயணச்சீட்டும் கட்டணமும் என் கையிலிருந்து போனாலும், அந்த அறையில் கட்சிக்காரர் அம்மாதான்.

சொத்தில் பங்கு பெறக்கூடிய பிள்ளைகள் கூடவே உட்கார்ந்திருந்தால் இரண்டு தீங்குகள் நேரலாம். பேச்சு இரகசியமாகவே நடக்கவில்லை என்று பின்னாளில் யாராவது வாதிட இடம் கிடைக்கும். தாயை மிரட்டியோ மயக்கியோ உயில் எழுதி வாங்கினார்கள் என்று வழக்குத் தொடுக்கவும் வழி பிறக்கும். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற பயனாளி, சில விதிவிலக்குகள் தவிரத் தம் பங்கை இழப்பார் என்று 1953ஆம் ஆண்டின் உயில் சட்டம் சொல்வதையும் வழக்கறிஞர் மாமாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாமா கடைசிவரை சமாதானமாகவில்லை என்றாலும் வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தார்.

நம் பெரியவர்கள் தனியறையில் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகள் எவை என்று யோசித்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அரசுப் பதிவு ஏதும் செய்யாமல் ஐம்பது அறுபது ஆண்டுகள் வாழ்ந்த தம்பதியர் நம்மிடையே ஏராளம். அவ்வாறு மணந்தவர் உயில் இல்லாமல் இறந்தால் துணைவிக்கு வாரிசுரிமை உண்டா என்ற கேள்விக்கு 2008இல்தான் டர்பன் உயர் நீதிமன்றம், இந்து முறைப்படி மணந்தவரும் வாழ்க்கைத்துணையே என்று விடை அளித்தது. அதற்குப் பிறகும் பல தாய்மார்கள், "எங்கள் கல்யாணம் பதிவாகவில்லை" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூசுகிறார்கள். முதல் மணம், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த பணம், வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் போன்றவையும் அப்படித்தான். இவற்றை மறைத்தால் வழக்கறிஞரால் சரியான ஆலோசனை தர இயலாது. சொல்ல வேண்டுமானால் கதவு மூடியிருக்க வேண்டும். என் அம்மா உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

மொழிபெயர்க்க நான் கூட இருக்கிறேன் என்று முதலில் சொல்லியிருந்தேன். கடை கண்ணிக்கு அம்மாவின் ஆங்கிலம் போதும். சொத்து விவகாரத்தைத் தமிழில்தான் தெளிவாகச் சொல்வார். வழக்கறிஞர் அதையும் மறுத்து, தம் அலுவலகத்தில் தமிழ் அறிந்த மூத்த குமாஸ்தா அம்மையாரை உள்ளே அழைத்துக்கொண்டார். வழக்கறிஞருக்காக வேலை செய்யும் குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளரும் அதே சிறப்புரிமையின் வட்டத்துக்குள் வருகிறார்கள். இந்த ஊரில் அது பழைய மரபுதான். 1894இல் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தபோது, அவர் கதையைக் காந்தி தம் தமிழ்க் குமாஸ்தா வழியாகவே அறிந்துகொண்டார்.

குமாஸ்தாவின் வாய் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அன்று தென்னாப்பிரிக்க ஆட்சியில் இருந்த நமீபியாவில், முஷிம்பா என்பவரும் மற்றவர்களும் குற்றம்சாட்டப்பட்ட வழக்கில், அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவர் அவர்களுடைய இரகசிய ஆவணங்களைப் பாதுகாப்புப் போலீசுக்குக் கொடுத்துவந்தது வெளிப்பட்டது. இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த அந்த வழக்கில், 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்காரணத்துக்காகவே தண்டனைகளை ரத்துசெய்தது. நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்திலும் அந்த நீதிபதிகள் இதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து செல்பவர்களுக்கு எரிச்சலூட்டும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு, முகவரிச் சான்று, பணம் வந்த வழி என்று வழக்கறிஞர் அலுவலகம் அடுக்கடுக்காகக் கேட்கும். 2001ஆம் ஆண்டின் நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தின்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும், 49,999.99 ரேண்டைத் தாண்டும் ரொக்கப் பணம் கைமாறினால் மையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆனால் சட்ட ஆலோசனைக்காக இரகசியமாகச் சொன்னவற்றின் சிறப்புரிமையை அதே சட்டம் தொடாமல் விட்டிருக்கிறது. 2005இல் அரசு வழக்குத் தொடரும் துறையின் புலனாய்வாளர்கள் டர்பனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சோதனையிட்ட விவகாரம் அரசமைப்பு நீதிமன்றம்வரை சென்றது. 2008இல் அந்நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் சோதனையைச் செல்லும் என்று கூறியபோதும், சிறப்புரிமை கோரப்படும் ஆவணத்தை யாரும் படிக்காமல் நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைத்து நீதிபதியின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற சட்ட ஏற்பாடு கட்சிக்காரருக்குக் காவலாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

மருத்துவரிடம் நிலைமை வேறு. அம்மாவின் சிகிச்சை விவரத்தை எனக்குத் தர மருத்துவர் அம்மாவிடம் எழுத்து மூலம் ஒப்புதல் கேட்டார். 2003ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டம் அப்படித்தான் விதித்திருக்கிறது. ஒரு நோயாளிக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய மருத்துவர் கோல்ஃப் ஆடும்போது சக மருத்துவர்களிடம் சொன்னது தவறு என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடும் விதித்தது. ஆயினும் நீதிமன்றம் ஆணையிட்டால் மருத்துவர் சாட்சி சொல்லியே தீர வேண்டும். வழக்கறிஞரிடம் சொன்னதற்கு உள்ள கவசம் அங்கே இல்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, அதே மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அம்மாவின் நோயை அறை முழுதும் கேட்கும்படி உரக்கச் சொன்னது எனக்கு மிகுந்த வேதனை அளித்தது.

மிக மோசமான அனுபவம் வரி ஆலோசகரிடம். அப்பாவின் கடைசி வரிக் கணக்கைப் பற்றிப் பேசப் போன இடத்தில், எங்கள் தெருவில் வசிக்கும் இன்னொரு குடும்பத்தின் வரிப் பாக்கியை அவர் கதைபோல விவரிக்கத் தொடங்கினார். நான் நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு ஒருவரிடம் சென்றேன். வழக்கறிஞர் அல்லாத வரி ஆலோசகரிடமோ கணக்காளரிடமோ சொன்னதற்கு இந்தச் சிறப்புரிமை கிடையாது; வருவாய்த் துறை முறைப்படி கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். சிக்கலான வரி விவகாரம் உள்ளவர்கள் முதலில் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பிறகு கணக்காளரிடம் போவது நல்லது.

உயிருடன் இருக்கும்வரைதான் உயில் இரகசியம் என்பதையும் நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டும். இறந்தபின் அது, இறந்தோரின் எஸ்டேட்டுகளை மேற்பார்க்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகத்தில் தாக்கலாகிவிடும். அங்கே யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எஸ்டேட் கணக்கும் பொதுமக்கள் பார்வைக்கு 21 நாட்கள் வைக்கப்படும். ஆகவே மனக்குறைகளையும் காரணங்களையும் உயிலில் எழுத வேண்டாம், தம்மிடம் சொல்லிவிட்டால் போதும் என்று வழக்கறிஞர் அம்மாவுக்கு அறிவுறுத்தினாராம். அம்மா எங்களிடம் சொன்னது இந்த ஒரு செய்தியை மட்டும்தான்.

புறப்படுவதற்கு முன், இனி வரும் கடிதங்கள் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கோ என் மின்னஞ்சலுக்கோ வர வேண்டாம், அம்மாவுக்கு மட்டுமே போகட்டும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டின் பெயர் மாற்றம், நகராட்சி வரி ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் என்னிடம் பேசலாம் என்று அம்மா ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். குமாஸ்தா அம்மையார் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து இரண்டு தாள்களையும் கோப்பில் சேர்த்தார். உயிலைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.