ரோஜர்ஸ் ஆர்ஓ4003சி தகடு: அலைவெண் பட்டை சுருங்கினால் பயப்பட வேண்டாம்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையானாலும் நிபோங் திபால் பொறியியல் வளாகமானாலும், மைக்ரோஸ்ட்ரிப் ஆண்டெனா (தகட்டின் மேல் செம்பில் வரையும் ஆண்டெனா) என்றதும் முதலில் கைக்கு வருவது எஃப்ஆர்4 என்னும் சாதாரண கண்ணாடியிழைத் தகடுதான். 2.45 ஜிகாஹெர்ட்ஸ் பேட்ச் (கதிர்வீசும் செம்புத் துண்டு) ஒன்றை அதிலிருந்து இழப்புக் குறைந்த ஆர்ஓ4003சி தகட்டுக்கு மாற்றியதும், திரும்பி வரும் ஆற்றலைக் காட்டும் எஸ்11 வரைபடத்தில் பள்ளத்தின் அகலம், அதாவது ஆண்டெனா வேலை செய்யும் பட்டை, பாதியாகச் சுருங்கும். தகடு மோசம் என்று பலர் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது.

எஃப்ஆர்4-இன் இழப்புக் காரணி (தகடு ஆற்றலை விழுங்கும் அளவு) 0.02 அளவு. 1.6 மி.மீ. கனத்தில், பேட்சுக்குள் போகும் ஆற்றலில் பாதிக்கு மேல் தகட்டிலேயே சூடாகிப் போய்விடும். சூடாகிப் போனதும் திரும்பி வராதுதானே! அதனால்தான் பள்ளம் 60 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அழகாகத் தெரிகிறது. ஆர்ஓ4003சி-க்கு அந்தக் காரணி 10 ஜிகாஹெர்ட்ஸிலேயே 0.0027தான். 1.524 மி.மீ. கனத்தில் பட்டை 30 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். ஆனால் கதிர்வீச்சு சுமார் 3 டெசிபெல் கூடும். பள்ளத்தை மட்டும் பார்க்காமல் கெயினையும் (ஒரு திசையில் வெளியே போகும் வலிமை) அளந்து பாருங்கள்.

0.508 மி.மீ. தகடு இந்த வேலைக்கு வேண்டாம். பட்டை மூன்றில் ஒன்றாகிவிடும். 2.4 முதல் 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரை முழுதும் வேண்டுமென்றால் 1.524 மி.மீ. தகடும் தனியே போதாது, காற்றிடைவெளி விட்டு இரண்டாவது பேட்சை மேலே ஏற்ற வேண்டும்.

ஆர்ஓ4003சி டேட்டா ஷீட்டில் மின்கடத்தா மாறிலி (தகட்டுக்குள் அலை எவ்வளவு சுருங்கும் என்று காட்டும் எண்) இரண்டு இருக்கும்: 3.38, 3.55. முதல் எண் தரச் சோதனைக்கு, இரண்டாவது வடிவமைப்புக்கு. 3.38 போட்டால் பேட்ச் நீளம் 32.9 மி.மீ., 3.55 போட்டால் 32.1. இந்த 0.8 மி.மீ. பிசகே அலைவெண்ணை 60 மெகாஹெர்ட்ஸ் கீழே இழுத்து 2.39-இல் நிறுத்திவிடும். எஃப்ஆர்4-இல் இந்தத் தொல்லை இன்னும் பெரிது: சரக்குக்குச் சரக்கு 4.2, 4.6 என்று மாறினால் 100 மெகாஹெர்ட்ஸ் போய்விடும்.

டெஃப்ளான் தகடுகளைப்போல் துளைகளுக்குத் தனிப் பக்குவம் தேவையில்லை. எஃப்ஆர்4 செய்யும் பட்டறையே போதும். துளைமுனை மட்டும் சீக்கிரம் தேயும். 1.524 மி.மீ. தகட்டில், பேட்சுக்கு ஆற்றல் கொண்டுவரும் 50 ஓம் கோட்டுக்கு 3.4 மி.மீ. அகலம் வையுங்கள். வேண்டாத செம்பைக் கரைக்கும் ஃபெர்ரிக் குளோரைடில் அதிக நேரம் ஊறவிட்டால் செம்பின் விளிம்பு அரிபடும், பேட்ச் நீளத்தில் 0.1 மி.மீ. குறைந்தால் அலைவெண் 7 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும்.

விலை எஃப்ஆர்4-ஐவிடப் பல மடங்கு. தீத்தடுப்புத் தரச்சான்று கேட்கும் பொருளுக்கு இது ஆகாது. அதற்கு ஆர்ஓ4350பி வாங்குங்கள்.