பட்டிக்கு அடியில் பழைய பேப்பர்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய வேன் வாங்கி கேம்பர் வேனாக (உள்ளேயே படுத்துத் தூங்கி ஊர் சுற்றும் வண்டியாக) மாற்ற நினைப்பவர்கள், அதிலும் டிங்கரிங்கை, அதாவது தகர வேலையை மட்டும் வெளியில் கொடுத்துவிட்டு மீதி வேலையை வீட்டு வாசலில் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள். எனக்கு 42,000 ரூபாயும் ஐந்து மாதமும் போனது. பணம்கூடப் பரவாயில்லை. துருவைச் சரிசெய்யாமல் மூடி மறைத்த அந்தத் தரையின் மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டு ஏற்காடு மலை ஏறியிருப்பேன் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டி 2011 மாடல் டெம்போ டிராவலர். பள்ளி வேனாக ஓடியது. சீட்டுகளைக் கழற்றியது, தரை ரப்பர் ஷீட்டைப் பிரித்தது, ஜன்னல் பீடிங் மாற்றியது எல்லாம் நானும் என் மச்சானும்தான். (ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுத்தான் கட்டில், அலமாரி எல்லாம். அது தனிக் கதை.) ஷீட்டைப் பிரித்ததும் துரு தெரிந்தது. இடது ஃபுட்போர்டு, பின் சக்கரங்களின் மேல் வளைவு, பின்கதவுக்குக் கீழே, தரையைத் தாங்கும் குறுக்குச் சேனல் இரண்டு. மொத்தம் 9 இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். எங்களிடம் கிரைண்டர் இருந்தது, வெல்டிங் மிஷின் இல்லை, மெல்லிய தகரத்தில் வெல்டிங் அடித்துப் பழக்கமும் இல்லை. அதனால் புதுச்சேரியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பெயர் எழுதவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது.

பேசியது இதுதான்: துரு பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுப்பது, 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் தகரம் வைத்து சி.ஓ.2 வெல்டிங் (வாயு பாய்ச்சி அடிப்பது), துருவைத் தடுக்க எபாக்ஸி பிரைமர், அப்புறம்தான் பட்டி (மேடு பள்ளத்தை நிரப்பித் தேய்க்கும் பேஸ்ட்), பெயிண்ட். நான் 30,000 ஜிபேயில் அனுப்பினேன், 12,000 கையில் கொடுத்தேன். பில் கேட்டதற்குப் பட்டறைக்காரர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். 2024 ஆகஸ்டில் வண்டியை விட்டேன். "சார், நீங்க ஏன் வெயில்ல கடலூர்ல இருந்து வந்து அலையுறீங்க, நான் போட்டோ அனுப்புறேன்" என்றார். மரியாதையாகப் பேசினார், நானும் நம்பினேன். ஆறு படம் வந்தது, தகரம் வெட்டியது, புதுத் தகரம் வைத்தது, வெல்டிங் தையல் எல்லாம் அழகாகத் தெரிந்தது. செப்டம்பரில் வண்டி வந்தபோது பார்க்கப் புது வண்டி மாதிரியே இருந்தது. அடியில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசும் அண்டர்கோட்டிங் கறுப்பாக வேறு.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது, இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, வண்டி வெறும் மழையில் மட்டும்தான் நனைந்தது. பொங்கலுக்கு முன்னால் பார்த்தால் பின் சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் அங்கங்கே கொப்பளம் மாதிரி எழும்பியிருந்தது. அப்போதும் பெயிண்ட் குறை என்றுதான் நினைத்தேன்.

கட்டில் ஃப்ரேமைத் தரையில் போல்ட் அடிக்க டிரில் போட்டபோதுதான் தெரிந்தது. சக்கர வளைவுக்குப் பக்கத்தில் டிரில் பிட் ஒரு நொடியில் பொத்தென்று உள்ளே இறங்கியது. இரும்புத் தூள் வரவில்லை, வெள்ளை மாவு வந்தது. பிட்டை வெளியே இழுத்தால் நுனியில் ஈரமான பேப்பர் சுற்றிக்கொண்டு வருகிறது. மச்சான் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி அந்த இடத்தைத் திறந்தான். துரு பிடித்த ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே ஃபைபர் மேட் ஒட்டி, விரல் தடிமனுக்குப் பட்டி போட்டு, தேய்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஃபுட்போர்டில் பழைய துருவுக்கு மேலேயே மெல்லிய தகரத்தை வைத்துப் பாப் ரிவெட் (வெல்டிங் இல்லாமல் தகரத்தைப் பிடிக்கும் ஆணி) அடித்து மூடியிருக்கிறார்கள். குறுக்குச் சேனல் இரண்டையும் தொடவே இல்லை, மேலே அண்டர்கோட்டிங் மட்டும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அப்பளம் மாதிரி உடைகிறது. அந்தச் சேனலுக்கு மேலேதான் 70 லிட்டர் தண்ணீர் டேங்கும், ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டு டியூபுலர் பேட்டரியும் வைப்பதாக இருந்தோம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கதவுகளின் அடியிலும் ஃபுட்போர்டுப் பெட்டியின் அடியிலும் தண்ணீர் வடிய கம்பெனியே சின்னத் துளைகள் வைத்திருப்பான். அவ்வளவையும் பட்டியும் அண்டர்கோட்டிங்கும் போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளே போன மழைத் தண்ணீருக்கு வெளியே வர வழியே இல்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், பேப்பர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் ஊர்க் காற்றில் உப்பு எப்போதும் உண்டு. நான் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட அந்தத் தகரம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். காசு கொடுத்து அதைச் சீக்கிரம் அழுகச் செய்திருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த ஆறு படங்களையும் மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வண்டி பள்ளி வேன், எங்கே சுரண்டினாலும் உள்ளே மஞ்சள்தான் வரும். படத்தில் வெட்டி எடுத்த தகரத்தின் ஓரம் முழுக்க வெள்ளை. நான் போட்ட சாக்பீஸ் வட்டம் ஒன்றுகூட எந்தப் படத்திலும் இல்லை. யாருடைய வண்டியோ அது.

நேரில் போனேன். "கடல் காத்து சார், நாங்க என்ன பண்ண முடியும்" என்றார். பேப்பரைக் காட்டினேன். வேலைக்கார பையன் செய்திருப்பான், வண்டியை விடுங்க, பெயிண்ட் டச்சப் பண்ணித் தரேன் என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. நீங்க தமிழ்நாடு, நாங்க பாண்டி, எங்கே போய்க் கேட்கணுமோ கேளுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறோம். எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் வேறு ஆட்சி, யார் அலைவது என்று தோன்றும். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சனை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன். அதன் பிறகுதான் பட்டறையிலிருந்து எனக்குப் போன் வந்தது, அப்போதும் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பதுதான் பேச்சு. ஒப்புக்கொள்ளவில்லை, கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுத்துவிட்டேன். கையில் கொடுத்த 12,000-க்கு அந்தக் காலண்டர் தாளைத் தவிர ஆதாரம் இல்லை, அதுதான் இப்போது இடிக்கிறது. தயவுசெய்து முழுப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

பட்டறையில் விடுவதானால், வெட்டி வெல்டிங் முடிந்ததும் பிரைமர் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை, பிரைமர் அடித்துப் பட்டி போடுவதற்கு முன்னால் ஒருமுறை, நேரில் போய்ப் பாருங்கள். இந்த இரண்டு பார்வைக்கும் ஒப்புக்கொள்ளாதவரிடம் வண்டியை விட வேண்டாம். வெட்டி எடுத்த பழைய தகரத்தைச் சாக்கில் கட்டித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் வண்டியின் நிறத்தில்தானே இருக்க வேண்டும். முடிந்து வந்த வண்டியாக இருந்தால், அல்லது பழைய வண்டி வாங்கப் போகிற இடத்தில், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். தகரத்தில் ஒட்டும், கனமான பட்டியில் நழுவி விழும். விரல் மடக்கித் தட்டினாலும் சத்தம் மாறும். அடியில் பளபளவென்று புது அண்டர்கோட்டிங் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். கழிவு ஆயில் அடித்தால் துரு வராது என்று சிலர் சொல்வார்கள், அது பிரேக் ஹோஸ், புஷ் போன்ற ரப்பரையெல்லாம் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

இப்போது கடலூர் முதுநகரில் ஒரு வெல்டரோடு பேசி, அவர் எங்கள் வாசலுக்கே சி.ஓ.2 மிஷின் கொண்டுவந்து அடிக்கிறார். வெட்டுவது, சுத்தம் செய்வது, பிரைமர் எல்லாம் நாங்கள். வெல்டிங் அடிக்கும் முன் வண்டி பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்ற வேண்டும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இதுவரை ஏழு இடம் முடிந்திருக்கிறது, குறுக்குச் சேனல் இரண்டும் முழுதாகப் புதிது, செலவு 14,500 ரூபாய். பின்கதவுக்குக் கீழேயும் வலது வளைவும் பாக்கி. அடைத்திருந்த வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்த அன்று ஃபுட்போர்டுப் பெட்டியிலிருந்து ஒரு சொம்புக்கு மேல் பழுப்புத் தண்ணீர் வந்தது. மழை நின்று ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.