கமிஷன் வக்கீல், ஃபீஸ் வக்கீல், இலவச வக்கீல்: விபத்து கேஸை யாரிடம் கொடுப்பது?

2018-ல் எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் கன்டெய்னர் லாரி இடித்து என் தம்பிக்கு வலது முட்டி நொறுங்கிப்போனது. காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குகிறவன். அப்போது வயது 34. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், ஆபரேஷன் எப்போது என்றுகூடத் தெரியாத நேரத்தில், கட்டில் பக்கத்துக்கே ஒருவர் வந்துவிட்டார். "அக்கா, நீங்க ஒண்ணும் அலைய வேணாம். ஒரு ரூபா செலவு பண்ண வேணாம். பணம் வந்தா எழுவது உங்களுக்கு, முப்பது எங்களுக்கு." என் கையில் 5,000 ரூபாய் வைத்தார். தம்பியிடம் நான்கைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார். அதில் இரண்டு வெறும் தாள். பார்த்தேன், கேட்கவில்லை. அந்த 5,000 அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது.

அதிலிருந்து ஐந்து வருடம், இரண்டு வக்கீல். இப்போது தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் யார் வீட்டில் விபத்து நடந்தாலும் என்னிடம் வந்து, "யார்கிட்ட கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கமிஷன் வக்கீல்

முதலில் ஒரு விஷயம். வரும் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவதற்கே அனுமதி கிடையாது. வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 20-வது விதி இதைத் தடுக்கிறது. 1954-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது. ஆள் அனுப்பி கேஸ் பிடிப்பதை 36-வது விதி தடுக்கிறது. வார்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியது, முப்பது சதவீதம் பேசியது, இரண்டுமே தவறு.

பிறகு ஏன் இது இன்னும் நடக்கிறது? விபத்து நடந்த வீட்டில் சம்பாதிக்கிறவன் படுத்துக்கிடக்கிறான், கையில் காசில்லை. முதல் நாளே ஃபீஸ் கேட்கிற வக்கீலிடம் எதை வைத்துப் போவது? மருத்துவச் சான்று, நகல் கட்டணம், டாக்டர் சாட்சிச் செலவு எல்லாவற்றையும் தன் கையிலிருந்து போட்டு நடத்துகிற வக்கீல் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வழிதான். அப்படி நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கமிஷனுக்குப் போனவர்களை ஏமாந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் மனக்குறை முப்பது சதவீதத்தைப் பற்றியது அல்ல. மூன்று வருடத்தில் அந்த வக்கீலின் முகத்தை நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போன் எடுப்பது குமாஸ்தா. "வாய்தா போட்டிருக்குது" என்பது ஒன்றுதான் பதில். கேஸ் எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. பணம் வந்தால் போடுவதற்கு என்று தம்பி பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட செக்கும் அவர்களிடம் இருந்தது. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் கணக்குக்கு எவ்வளவு வந்தது என்று இன்றுவரை தெரியாது. கையில் கொடுத்ததுதான் அவர்களுக்குக் கணக்கு. கட்சிக்காரருக்காக வாங்கிய பணத்தை உடனே அவருக்குத் தெரிவிக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும் என்பதும் அதே பார் கவுன்சில் விதிகள்தான். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் இழப்பீட்டுத் தொகையை நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில் இருந்தும் பாஸ்புக் வேறொருவர் மேஜை டிராயரில் கிடந்தால் அந்த உத்தரவால் உங்களுக்கு என்ன பயன்?

ஃபீஸ் வக்கீல்

2021-ல் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற ஸ்மால் காசஸ் கோர்ட்டில் கேஸ் பார்க்கும் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். சென்னை விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அங்கேதான். அவர் முதலில் செய்தது, கோர்ட் வழக்குகளைத் தேடிப் பார்க்கும் ஈகோர்ட்ஸ் செயலியில் தம்பி பெயரைப் போட்டுத் தேடியது. வேறு மாவட்டக் கோர்ட்டில் கேஸ் இருந்தது. ஆஜராகாததால் தள்ளுபடி ஆகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் எங்களுக்கு வந்த பதில் "வாய்தா".

பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை வாங்கிப் பிரித்தபோது அவர் மேஜையில் நானும் உட்கார்ந்திருந்தேன். நாடா கட்டிய கட்டு. உள்ளே எஃப்ஐஆர் நகல், ஏஆர் காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி. எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை. அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம். தம்பிக்கு தினக்கூலி இவ்வளவு என்று படகுக்காரர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தது. நான் குத்திய குண்டூசி துருப்பிடித்து அப்படியே இருந்தது. அதை யாரும் பிரிக்கவே இல்லை, கோர்ட்டில் கொடுக்கவும் இல்லை.

இந்தக் கடிதத்தின் மதிப்பு என்ன என்பதை அந்த வக்கீலம்மா ஒரு தாளில் போட்டுக் காட்டினார். வக்கீல்களை ஒப்பிடுகிற எல்லாரும் பார்க்க வேண்டிய கணக்கு இது. மாத வருமானம் 15,000 என்று கோர்ட் ஏற்றுக்கொண்டதாக வைப்போம். 40 வயதுக்குக் கீழே சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதோடு 21,000. வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்க வேண்டிய எண் 16, இது 2009-ல் வந்த தீர்ப்பு. ஆக 40,32,000. சான்றில் ஊனம் 40 சதவீதம் என்று இருந்தால் வருமான இழப்பு 16,12,800.

ஆனால் கோர்ட் பார்க்க வேண்டியது கால் எவ்வளவு மடங்கவில்லை என்பதை மட்டும் அல்ல, அந்தக் காலால் அவன் வேலையை எவ்வளவு செய்ய முடியாது என்பதையும்தான். 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும் தலையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவனுக்கும் ஒரே முட்டி, வேறு வேறு இழப்பு. டாக்டர் சாட்சியில் இதைக் கேட்டு வாங்கி, 60 சதவீதம் என்று கோர்ட் ஏற்றால் தொகை 24,19,200. வித்தியாசம் மட்டும் 8,06,400.

முப்பது சதவீதமா இருபதா என்று பேரம் பேசுகிறோம். வருமானத்துக்கு எந்தத் தாளைக் கொடுப்பீர்கள், டாக்டரிடம் என்ன கேட்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஃபீஸ் வக்கீல் என்பதாலேயே நன்றாக நடத்துவார் என்று நான் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை "செலவுக்கு" என்று வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாதவர்கள் கதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆளை நேரில் பார்த்து இந்த இரண்டு கேள்வியைக் கேட்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய வித்தியாசமாகப் பட்டது.

இலவச வக்கீல்

எங்கள் பக்கம் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள், அது தவறு. 1987 சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் உண்டு. கணவனை விபத்தில் இழந்த பெண் சம்பளச் சான்று காட்ட வேண்டியதில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

குறை என்ன? வக்கீலை அவர்கள் ஒதுக்குகிறார்கள். நல்லவர் அமைந்தால் அதிர்ஷ்டம். அவர்களுக்குக் கிடைக்கும் ஊதியம் குறைவு, அதனால் நாம் பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது. எர்ணாவூரில் மீன் விற்கிற ஓர் அக்கா இந்த வழியில்தான் போனார். முதலில் ஒதுக்கிய வக்கீல் இரண்டு வாய்தா வராததால் ஆணைக்குழுவிலேயே எழுதிக் கொடுத்து ஆளை மாற்றிக்கொண்டார். கமிஷன் வக்கீலை மாற்றித் தரச் சொல்லி இப்படி எழுதிக் கொடுக்க எந்த ஆபீஸ் இருக்கிறது? கையில் காசு இல்லாத பெண்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். வார்டுக்கு வருகிற ஆளைவிட இது எத்தனையோ மேல்.

வக்கீலே இல்லாமல்?

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரல் முதல் தனித் திட்டம் இருக்கிறது. இதற்குக் கோர்ட் தேவையில்லை, வருவாய்த் துறையில் விண்ணப்பம்தான். இதில் யாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள்.

வண்டி தெரிந்த விபத்துகளில், போலீஸே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். போக்குவரத்துப் புலனாய்வு ஸ்டேஷனில் போய் இந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதற்காக வக்கீல் வைக்காமலே இருந்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே போட்ட கணக்கில் அந்த எட்டு லட்சத்தை அறிக்கை வாங்கித் தராது. அதோடு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022-ல் திரும்ப வந்திருக்கிறது. அதை எதிர்த்து வழக்கு நடக்கிறது. நீங்கள் அதை நம்பித் தாமதிக்காதீர்கள்.

டாக்டர் தவறு என்றால் பாதை வேறு. தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் பார்த்திருந்தால் நுகர்வோர் ஆணையம், 1995 முதல் இது உறுதி. நம் பகுதிக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, நாமே வாதாடலாம். ஸ்டான்லி, ஜிஹெச் மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்திருந்தால் அந்தக் கதவு திறக்காது, ஹைகோர்ட்டில் ரிட் மனுவோ சிவில் கோர்ட்டில் வழக்கோதான், அதற்கு வக்கீல் வேண்டும். எந்த வழியில் போனாலும் முதல் வேலை சிகிச்சை ஆவணங்களை எழுத்துமூலம் கேட்பது. கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி சொல்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

காத்திருப்பதா, மாற்றுவதா, புகார் கொடுப்பதா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

மாற்றலாம் என்பதுதான் என் கருத்து, அதுவும் சீக்கிரம். பழைய வக்கீலிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குவது சுலபமான வழி. தர மறுத்தால் கோர்ட் அனுமதியோடு வக்காலத்தை மாற்றலாம். "ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டைத் தரமாட்டேன்" என்று சொன்னால் பயப்படாதீர்கள். ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்களுக்கும் இதைச் சொன்ன பிறகுதான் கட்டு வெளியே வந்தது.

புகார் என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், வழக்கறிஞர் சட்டம் 35-வது பிரிவு. ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் போன பணத்தைத் திரும்ப வாங்குவதற்கு அதை மட்டும் நம்பக்கூடாது. வக்கீல் சேவையை நுகர்வோர் ஆணையத்துக்கும் கொண்டுபோக முடியாது; 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. டாக்டர் மேல் போடலாம், வக்கீல் மேல் கூடாது. என்னால் இதை இன்னும் ஏற்க முடியவில்லை. கையெழுத்துப் போட்ட செக் போனவர்கள் போலீஸிலும் புகார் கொடுக்கலாம்.

சமரசம் பேசி வழக்கை முடிக்கிற லோக் அதாலத் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே கையெழுத்துப் போட்டால் முடிந்தது, அப்பீல் கிடையாது. பணம் சீக்கிரம் வரும். மரண வழக்கில், தப்பு யார் மேல் என்பது தெளிவாக இருந்தால், மேலே சொன்ன மாதிரி கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். சிகிச்சை முடியாமல், இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது போகாதீர்கள். "இன்னைக்கே சைன் பண்ணுங்க" என்று அவசரப்படுத்தினால், தொகையை எழுதித் தரச் சொல்லி ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் கேஸைத் திரும்ப எடுக்கவே ஒன்பது மாதம் ஆனது. 2023-ல் தீர்ப்பு வந்தது. தம்பி இப்போது ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறான், பெட்டி தூக்குவதில்லை. புதுப் பாஸ்புக் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

எர்ணாவூர் அக்காவின் கேஸ் அடுத்த மாதம் டாக்டர் சாட்சிக்கு வருகிறது. நாளை காலை அவருடன் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்குப் போகிறேன். பழைய எக்ஸ்ரே வேண்டும். மனு எழுதி வைத்துவிட்டேன், இரண்டு நகல். ஒன்றில் சீல் வாங்கி நாமே வைத்துக்கொள்ள.