டீசல் டேங்க்கைப் பெரிதாக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மஹிந்திரா தாரிலோ வேறு 4 வீல் டிரைவ் வண்டியிலோ பெரிய டேங்க் மாட்ட நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்கு 48 ஆயிரம் ரூபாய் போனது. என் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்திருந்த வண்டி ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதையில் இழுக்காமல் நின்றதை நினைத்தால் இன்னும் பதறுகிறது.

நான் கோத்தகிரிக்காரன். மச்சானும் நானும் லடாக் போகத் திட்டமிட்டோம். மணாலியிலிருந்து லே போகும் வழியில், தண்டி என்ற ஊரின் பங்க்கைத் தாண்டினால் அடுத்தது 365 கிலோமீட்டரில் என்று ஒரு பலகை உண்டு. அந்தப் பலகையின் படத்தைப் பார்த்துதான் பயம் வந்தது. கம்பெனி டேங்க் 60 லிட்டர். மலையில் லிட்டருக்குப் பத்து கொடுத்தாலே 600 கிலோமீட்டர் ஓடும். அந்தக் கணக்கை அன்று யாரும் சொல்லவில்லை, நானும் போடவில்லை.

கோவையில் ஒரு பட்டறை. "90 லிட்டர் சார், நல்ல மைல்ட் ஸ்டீல், உள்ளே தடுப்புத் தகடு வச்சுத் தர்றோம்" என்றார் உரிமையாளர். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் செலவு" என்றார். சரி என்று முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் யாருங்க குனிஞ்சு பார்க்கிறாங்க" என்றார்.

முதல் சந்தேகம் மேட்டுப்பாளையம் பங்க்கிலேயே வந்தது. இரண்டு லிட்டர் போவதற்குள் கன் டக்கென்று நின்றுவிடும். மறுபடி அழுத்த வேண்டும், மறுபடி நிற்கும். பங்க் பையன் பொறுமையாக நிரப்பிக் கொடுத்தான். கழுத்து வரைக்கும் போனது 66 லிட்டர். பட்டறையில் ஊற்றியிருந்த 5 லிட்டரைச் சேர்த்தாலும் 71தான். போன் செய்தால், வெளி அளவைப் பெருக்கி 90 என்கிறார்கள்! சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்காக நடுவில் வெட்டி விட்ட பள்ளத்தை யார் கழிப்பது?

அப்புறம் கல்லட்டி. 36 கொண்டை ஊசி வளைவு. டேங்க் பாதி காலியானதும் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் "களக்" என்று ஒரு அடி. 30 கிலோ டீசல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய்ந்தால் வண்டி அந்தப் பக்கமே தள்ளும். தடுப்புத் தகடு இருந்திருந்தால் அந்த அலை உடைந்திருக்கும். ஏறும்போது எஞ்சின் திணறி, ஆக்ஸிலேட்டரை மிதித்தும் எழவில்லை. ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடியது! காற்று வந்து போகிற பிரீதர் குழாய், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் டேங்க்குக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. பங்க்கில் கன் நின்றதும் அதனால்தான். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு குழாயை மாற்றிவிட்டு அதே டேங்க்கில் ஓட்டினேன். மூன்று மாதத்தில் மறுபடி திணறல். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். வெள்ளையாக, சோப்பு கரைந்தது மாதிரி வழவழவென்று ஒட்டியிருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் உப்புத்தாளை எடுத்து டேங்க் மூலையில் கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளே பூப்பூவாகப் பளபளத்தது. "தம்பி, இது ஜி.ஐ. தகடு. தண்ணித் தொட்டிக்குப் போடறது" என்றார். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. டீசலில் சேரும் ஈரமும் அமிலமும் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். கரைந்தது ஃபில்டரை அடைக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனியில் படியும். இன்ஜெக்டர் வேலைக்கு மட்டும் 14 ஆயிரம் ஆனது. பெயின்ட் அடிப்பதற்கு முன் தகட்டைக் கண்ணால் பாருங்கள். மூடிய பிறகு உள்ளே தடுப்பு இருக்கிறதா என்றும் தெரியாது, அதனால் வெல்டிங் நாளன்று பட்டறையிலேயே நில்லுங்கள். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொரு வெல்டிங்கிலும் குமிழ் வருகிறதா என்று உங்கள் எதிரில் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். பட்டறைக்காரர் வந்து நிற்கப் போவதில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கோவைக்கு அலைய வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பில் இல்லாததால் வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே ரசீதும்தான் என் கையில். பழைய 60 லிட்டர் டேங்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். பட்டறை செய்த டேங்க்கை, சுரண்டிய மூலை தெரியும்படி, கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.