எப்சன் வி600 ஸ்கேனர்: பழைய ஃபிலிம் ஸ்லைடுகளுக்குப் போதுமா?

பெட்டியில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கும், நம்ப வேண்டாம். 3200-க்கு மேல் போனால் ஃபைல்தான் வீங்கும், விவரம் கூடாது. 3200-இலேயே 35 மி.மீ. ஸ்லைடு ஒன்றுக்குச் சுமார் 13 மெகாபிக்சல் கிடைக்கும். 24 பிட் டிஃப் (TIFF) ஃபைலாகச் சேமித்தால் ஏறக்குறைய 40 எம்பி. ஆல்பத்துக்கு இது தாராளம்.

முதலில் மூடியின் உள்பக்க வெள்ளை மேட்டைக் கழற்றுங்கள். அதை மறந்தால் ஸ்லைடுக்கு ஒளியே வராது. ஹோல்டரில் ஒரே நேரத்தில் நான்கு ஸ்லைடு, பளபளப்பான பக்கம் கீழே. ரப்பர் புளோயரால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் புள்ளி விழும். மென்பொருளில் 'பாசிட்டிவ் ஃபிலிம்' தேர்வு செய்யுங்கள். தம்ப்நெயில் முன்னோட்டம் ஓரத்தை வெட்டிவிடும். சாதாரண முன்னோட்டத்தில் சட்டத்தை நீங்களே இழுத்துக் குறிப்பதே நல்லது.

மென்பொருளில் உள்ள டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும். எக்டாக்ரோம் வகை ஃபிலிமில் பிரமாதம், நேரம்தான் பல மடங்கு இழுக்கும். கோடாக்ரோம் வகையில் அணைத்துவிடுங்கள்: அதன் சாயம் அகச்சிவப்பையே மறிப்பதால், படத்தில் உள்ள விளிம்புகளையே கீறல் என்று ஐஸ் நினைத்து மெழுகி வைக்கும். வெள்ளி கொண்ட கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் இதே கதி.

பெரிய குறை, ஃபோகஸை மாற்ற முடியாது. அட்டைச் சட்டத்தில் வளைந்த ஸ்லைடின் நடுப்பகுதி மங்கும். அடர்ந்த நிழலில் விவரம் கரைந்து இரைச்சல் தெரியும். பெரிய பிரிண்ட்தான் நோக்கம் என்றால் பிளஸ்டெக் 8200i என்ற ஃபிலிம் ஸ்கேனரைப் பாருங்கள், ஆனால் ஒவ்வொரு ஸ்லைடாகக் கையால் தள்ள வேண்டும்.