491 விசாவா, 494 விசாவா? ஆஸ்திரேலியா ரீஜினல் போகிறவர்களுக்கு

சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் கழித்துவிட்டால் ஆஸ்திரேலியாவில் மிச்சமெல்லாம் விசாக் கணக்கில் ரீஜினல்தான். பெர்த், அடிலெய்டு, கான்பெரா கூட அதில் அடக்கம். பட்டிக்காட்டில் போய் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அங்குள்ள ஆள் பற்றாக்குறைக்காக 2019 நவம்பரில் வந்தவை 491, 494 விசாக்கள். இரண்டுமே 5 வருடம். குடும்பத்தோடு போகலாம், துணைவரும் வேலை பார்க்கலாம், மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) கிடைக்கும், 3 வருடம் முடிந்ததும் 191 விசா வழியாக பிஆர் (நிரந்தர வசிப்புரிமை). 491-க்கு நாமினேட் செய்வது, அதாவது உங்களை முன்மொழிவது, மாநில அரசு (ரீஜினலில் இருக்கும் உறவினர் ஸ்பான்சர் செய்யும் வழியும் உண்டு), 494-க்கு முதலாளி. 491-க்கு வயது, படிப்பு, அனுபவம் பார்த்துப் பாயின்ட் போடுவார்கள்; அது தேறுமானால் 491-தான் என் ஓட்டு.

காரணம் ஒன்றுதான்: வேலை போனால் என்ன ஆகும்?

491-ல் ஒன்றும் ஆகாது. ரீஜினல் எல்லைக்குள் யாரிடமும், எந்த வேலையும் பார்க்கலாம். 494-ல் உங்களை நாமினேட் செய்த முதலாளியிடம், அதே தொழிலில்தான் இருக்க வேண்டும். வேலை போனால் தொடர்ச்சியாக 180 நாள், விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் அவகாசம். 2024 ஜூலைக்கு முன்பு இது இன்னும் குறைவு. அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் அதற்குள் கிடைக்கும் புது முதலாளியும் ஸ்பான்சர் அனுமதி உள்ளவராக இருந்து, நாமினேஷன் போட்டு, ஒப்புதல் வாங்கியாக வேண்டும். அரசுக்குப் பயிற்சி வரியாக 3,000 டாலர், பெரிய நிறுவனமென்றால் 5,000, அவர் கட்ட வேண்டும். உங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கும் சிற்றூரில் இப்படி இன்னொருவரைத் தேடுவது லேசுப்பட்ட காரியமில்லை. இது முதலாளிக்கும் தெரியும். ஓவர்டைம் பணம் கேட்கத் தயங்குவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, 491-க்குப் பாயின்ட் எப்படிச் சேரும்? 30 வயதுக்காரருக்கு வயதுக்கு 30, பட்டப்படிப்புக்கு 15, வெளிநாட்டில் 5 வருட அனுபவத்துக்கு 10, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10, மாநில நாமினேஷனுக்கு 15: மொத்தம் 80. நாட்டி (NAATI) என்ற மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பின் சிசிஎல் (CCL) மொழித் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு உரையாடலிலும் 45-க்குக் குறைந்தது 29, மொத்தம் 63 எடுத்தால் இன்னும் 5. குறைந்தபட்சம் 65 என்பது காகிதத்தில்தான். பல துறைகளில் அழைப்பு அதற்கு மேலேதான் வருகிறது. மாநிலத்துக்கு மாநிலம், வருடத்துக்கு வருடம் மாறுவதால் இத்தனை இருந்தால் நிச்சயம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அழைப்பு வந்த பிறகு விண்ணப்பிக்க 60 நாள்தான். ஸ்கில் அசெஸ்மென்ட் (உங்கள் தொழில்தகுதிக்கான மதிப்பீடு), இங்கிலீஷ் ரிசல்ட் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

491-ன் குறை, போய் இறங்கும்போது வேலை இருக்காது. சில மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

40 தாண்டினால் வயதுப் பாயின்ட் 15-ஆகச் சரியும். அப்போது 494-ஐப் பார்க்கலாம். அதில் பாயின்ட் கணக்கே இல்லை. 45 வயதுக்குள் இருக்க வேண்டும், 3 வருட அனுபவம், ஸ்கில் அசெஸ்மென்ட், ஐஇஎல்டிஎஸ் நான்கிலும் 6. குறைந்தபட்சச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் வருடத்துக்கு 76,515 டாலர். பயிற்சி வரியை உங்கள் தலையில் கட்டுவதும், ஸ்பான்சர்ஷிப்புக்குக் காசு கேட்பதும் சட்டவிரோதம். கொடுப்பதும் சட்டவிரோதமே.

எதை எடுத்தாலும் பிஆரில் இடிக்கும் இடம் இரண்டு. முதலாவது, ரீஜினலில் அடங்கும் ஜீலாங்கில் வீடு எடுத்துக்கொண்டு வெரிபீயில் வேலைக்குப் போவது விதிமீறல்; வெரிபீ மெல்போர்ன் கணக்கில் வரும். வீடு, வேலை இரண்டின் அஞ்சல் குறியீட்டையும் சரிபாருங்கள், வாடகை ஒப்பந்தம், பே ஸ்லிப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது, 191-க்கு மூன்று நிதியாண்டுகளின் வரி மதிப்பீட்டு நோட்டீஸ் தேவை. குறைந்தபட்ச வருமானம் இவ்வளவு என்று இல்லை. ஆனால் வருமானம் கம்மி என்று ஒரு வருடம் ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்த வருட நோட்டீஸ் வராது.